அப்பாவின் மனையை விற்றபோது

மதுரை திருப்பாலையில் அப்பா 1988இல் நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய எட்டு சென்ட் மனையை, 2024 அக்டோபரில் 36 லட்சத்துக்கு விற்றேன். "லாபத்தில் பன்னிரண்டரை சதவீதம் வரி, கட்டிவிடுங்கள்" என்றார் தரகர். நானும் கணக்குப் போட்டேன்: ஏறக்குறைய 4.45 லட்சம். மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணம் அது. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் மேலமாசி வீதிப் பக்கம் ஓர் ஆடிட்டரிடம் போனேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த பத்திரத்தை அவர் மெதுவாக விரித்து, தேதியில் விரல் வைத்தார். "2001க்கு முன் வாங்கியது சார். நாற்பதாயிரத்தை ஏன் எடுக்கிறீர்கள்?"

அப்படிப்பட்ட சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆறு லட்சம் என்று சான்று தந்தார். மேலும், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தி, மீதி லாபத்துக்கு 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, இரண்டில் குறைந்த வரியைக் கட்டலாம். 2001இல் 100 ஆக இருந்த குறியீடு, நான் விற்ற ஆண்டில் 363. ஆறு லட்சம் 21.78 லட்சமானது; லாபம் 14.22 லட்சம், வரி 2,84,400, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) தனி.

பத்திரப் பதிவுக்கு முன்பே ஆடிட்டரிடம் போயிருக்க வேண்டும். டிசம்பர் 15 முன்கூட்டிய வரித் தவணைக்குள் சான்றை வாங்க அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.