பழைய வீடியோ டெக் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டெக் ஒன்றை வாங்கிய கையோடு ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை செய்து ஓய்ந்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். தவறுதலாக மேலே பதிவு செய்து பழைய காட்சியை அழிப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தாமே புரிந்துவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பூஞ்சை பிடித்த கேசட்டை ‘ஓட்டிப் பார்ப்பது’

கேசட்டின் சன்னல் வழியாகப் பார்க்கும்போது, நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் பல ஆண்டுகள் கிடந்த திருமணக் கேசட்டுகளில் இது சர்வசாதாரணம். வீடுகளில் பரவலாக இருந்த வி.எச்.எஸ். வகை கேசட்டுக்கான நம் நாட்டு டெக்கில், நாடா உரசி ஓடும் உருளையான டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. நாடாவிலுள்ள பதிவைப் படிக்க அதில் பொருத்திய ஹெட்டின் இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அங்கே சிறு துகள் அடைத்தாலே படம் மறைந்து புள்ளிகள்தான் தெரியும். சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால் நாடாவே கிழியும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெக்கில் பெற்றோரின் திருமணக் கேசட்டைப் போட்டார். முகூர்த்தத்துக்கு முன்பே படம் போயிற்று. கோளாறு டெக்கிலா கேசட்டிலா என்று அறிய, சுத்தமாக இருந்த வேறு இரண்டு கேசட்டுகளையும் அதிலேயே ஓட்டி, அவற்றுக்கும் பூஞ்சையை ஏற்றினார். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஹெட்டை மேலும் கீழுமாகத் தேய்த்து, அதன் முனையையும் உடைத்தார். “ஒரு தடவைதானே ஓட்டினேன்” என்று அவர் சொன்னதுதான் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது.

அத்தகைய கேசட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லுடன் மூடிவைத்து உலரவிடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். பிறகு முகக்கவசம் அணிந்து, நாடாவைத் துடைப்பதற்கென்றே ஒதுக்கிய பழைய டெக்கில் மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டைத் துடைக்கும்போது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும்.

நுழைந்தால் ஓடும் என்று நம்புவது

தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய பீட்டாகேமின் சிறிய கேசட், வீட்டு உபயோகத்துக்கான சோனியின் பீட்டாமேக்ஸ் டெக்கில் பொருந்தும். ஆனால் அதிலுள்ள பதிவு தெரியாது. வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வகையாக 1987இல் வந்த எஸ்-வி.எச்.எஸ். பதிவும் சாதாரண வி.எச்.எஸ். டெக்கில் ஒழுங்காகத் தெரியாது. அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட், படத்துக்கு 525 வரி கொண்ட என்.டி.எஸ்.சி. ஒளிபரப்பு முறையில் இருக்கும், நம்முடையது 625 வரி. இரண்டையும் ஏற்கும் டெக் இல்லாமல் அதைப் போட்டுவிட்டு, கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பெல்ட்

டெக்கின் உள்ளே பாகங்களைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று, டெக்கை விலை பேசும் முன்பே விசாரியுங்கள்.

அபூர்வம் என்பதற்காகவே வாங்குவது

பிலிப்ஸும் கிருண்டிக்கும் 1979இல் கொண்டுவந்த வீடியோ 2000 கேசட்டை, ஆடியோ கேசட்டைப் போலத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் பதியலாம். அழகான யோசனைதான், ஆனால் கேசட்டும் உதிரிபாகமும் கையில் இல்லாதவருக்கு அந்த டெக் அலமாரியை அடைக்க மட்டுமே உதவும்.

கேசட்டைப் படுக்கவைத்து அடுக்குவது

புத்தகத்தைப் போல நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.

ஓடாத டெக்கை வேண்டாம் என்பது

சோனி 2002இல் பீட்டாமேக்ஸ் டெக் தயாரிப்பை நிறுத்தியது. 2016 ஜூலையில் ஃபுனாய் நிறுவனமும் வி.எச்.எஸ். டெக் தயாரிப்பைக் கைவிட்டது. ஆகவே, உங்களிடம் உள்ள அதே மாடலில் ஓடாத டெக் மலிவாகக் கிடைத்தால், டிரம்மில் கீறல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உதிரிக்காக வாங்கி வையுங்கள்.