கிடா வெட்டுக்கு ஊருக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குலசாமி கோயில் கிடா வெட்டுக்காக மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களுக்கு வருகிற சென்னைச் சொந்தங்களில் பலர், இலை போடுகிற நேரத்துக்குத்தான் வந்து இறங்குகிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம். தட்டில் கிடக்கும் கறி ஒரு உயிராக நடமாடியது என்று பிள்ளைகள் நேரில் அறியக் கிடைப்பதே இந்த ஒரு நாள்தான். ஒரு நாள் முன்னாலாவது வந்துவிடுங்கள்.

கிடாயை அன்று காலையில் வாங்காதீர்கள். காலைக் கட்டி பைக்கில் போட்டுக்கொண்டு வந்த ஆடு மிரண்டு களைத்திருக்கும். அந்தக் கறி கருத்து விறைப்பாக இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வாங்கி நிழலில் கட்டுங்கள். பிள்ளைகள் தழை ஒடித்துப் போடட்டும். வெட்டுக்கு முந்தின இரவு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் காட்டினால் போதும். வயிறு முட்ட இருந்தால் உரிக்கும்போது குடல் கிழிந்து கறி வீணாகிவிடும்.

வெட்டைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்டால் மழுப்பவும் கூடாது. என் மகள் ஏழு வயதில், அரிவாள் ஓங்கிய நேரம் அப்பத்தா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம் புளியமரக் கிளையில் தொங்கவிட்டு, என் சித்தப்பா தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டு உரிக்க ஆரம்பித்ததும் தானாகவே கிட்டே வந்து நின்றாள். இரைப்பையைக் கீறினால், முந்தின நாள் அவள் ஊட்டிய அகத்திக்கீரை அரைபட்டுப் பச்சையாகவே கிடந்தது. "தாத்தா, இது நான் குடுத்த கீரை" என்றாள். சித்தப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

ஒரு கிடாயின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டாதீர்கள். இறைச்சிக் கூடங்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடுக்கின்றன.

ஆள் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். 20 கிலோ கிடாயை வெட்டினால் கறி 9 அல்லது 10 கிலோதான் தேறும். ஆனால் தலை, கால், குடல், ரத்தம் எல்லாம் தனிக்கணக்கு. "குடலை யார் கழுவுவது" என்று தூக்கிப் போடுகிறார்கள். பார்க்க மனசு பொறுக்கவில்லை. குச்சியால் குடலை உள்வெளியாகத் திருப்பி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துப் பல தண்ணீர் அலசினால் வாடை போய்விடும். அதைக் கறி வெட்டும் இடத்தில் மட்டும் செய்யாதீர்கள். சுவரொட்டி என்கிற மண்ணீரலை நெருப்பில் நன்றாக வாட்டிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

ஈரல், நுரையீரலில் தண்ணீர் கோத்த கட்டிகள் தெரிந்தால் சமைக்க வேண்டாம், நாய்க்கும் வீசவே வேண்டாம். நாய் தின்றால் அதன் வயிற்றில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை மனிதர்களுக்கும் தொற்றும். அவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிட்டுக் கை கழுவி வந்து இலையில் உட்காருங்கள்.