தனி விமானம் வாடகைக்கு எடுப்பது எப்படி? முதல்முறை எடுப்பவர்களுக்கு

பஞ்சு கொள்முதல் சமயத்தில் எங்கள் மில்லிலிருந்து ஏழு பேர் காலையில் கோவையில் கிளம்பி, ராஜ்கோட்டில் வேலையை முடித்து, அன்று இரவே திரும்ப வேண்டியிருந்தது. வழியில் விமானம் மாறிப் போனால் ஒரே நாளில் முடியாது. தனி விமானம் பேசும் வேலை என்னிடம் வந்தது. விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அதில் பாதி தவறு. அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவருக்கு உதவும் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

படி 1: எங்கே இறங்கலாம் என்று பாருங்கள்

தனி விமானம் என்றால் நினைத்த ஊரில் இறங்கலாம் என்று நம்புகிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விமான நிலையமே கிடையாது. சூலூரும் தஞ்சாவூரும் விமானப்படையின் தளங்கள். நிலையம் இருக்கிற ஊரிலும் ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். கோவையில் 2,990 மீட்டர், சேலத்தில் 1,806 மீட்டர்.

"சேலத்தில் ஏடிஆர் இறங்குகிறதே, சின்ன ஜெட் இறங்காதா?" என்று கேட்பீர்கள். ஏடிஆர் டர்போபிராப், அதாவது விசிறி வைத்த விமானம். ஜெட்டுக்குக் கணக்கு வேறு. கட்டணம் வாங்கிப் பறக்கும் ஜெட், ஓடுபாதையின் 60 சதவீத நீளத்துக்குள் நின்றுவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சேலத்தில் அது சுமார் 1,080 மீட்டர்தான். மழை பெய்து பாதை ஈரமாக இருந்தால் 15 சதவீதம் கூடுதல் நீளம் கேட்பார்கள். டர்போபிராப்புக்கு 70 சதவீதம் வரை இடம் உண்டு, அதற்குத் தேவைப்படும் தூரமும் குறைவு. அதனால் ஊரைச் சொல்லிவிட்டு, "இந்த விமானம் மழையிலும் அங்கே இறங்குமா?" என்று நேராகக் கேளுங்கள்.

சிறிய நிலையங்கள் 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை. இரவு ஒன்பதுக்குத் திரும்பி வரும் திட்டம் என்றால், அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இருப்பார்களா, நிலையத்தைத் திறந்து வைக்க நேர நீட்டிப்பு கேட்க வேண்டுமா, அதற்கு யார் பணம் கட்டுவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 2: விமான வகை

ஜெட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 500, 600 கிலோமீட்டருக்குள் போகிற பயணம் என்றால் என் ஓட்டு கிங் ஏர் பி200 போன்ற டர்போபிராப்புக்குத்தான். நேர வித்தியாசம் சொற்பம், செலவு நன்றாகக் குறையும், சிறிய ஓடுபாதையும் போதும். கோவை–ராஜ்கோட் சுமார் 1,400 கிலோமீட்டர். அதற்கு டர்போபிராப்பில் ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஜெட்டில் இரண்டு. போக, வர இரண்டு மணி நேரம் மிச்சமாகும் என்பதால் நாங்கள் ஜெட் எடுத்தோம்.

தூரம் பார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம் போதும். "உடனடி விலை" காட்டும் கால்குலேட்டர்களை நான் பயன்படுத்துவதில்லை. ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 3: கொட்டேஷனைப் படிப்பது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நானும் நாள் கணக்காக உட்கார்ந்தது இங்கேதான்.

பறக்கும் மணியை மணிக்கட்டணத்தால் பெருக்கினால் செலவு வந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நாம் உட்கார்ந்து போவது நான்கு மணி நேரம்தானே? ஆனால் அந்த விமானம் கோவையில் நிற்பதில்லை. இந்தியாவில் வாடகை விமானங்கள் பெரும்பாலும் டெல்லியிலும் மும்பையிலும் நிற்கின்றன. அங்கிருந்து காலியாக நம் ஊருக்கு வரும், நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். அந்தக் காலிப் பறப்புக்கு ஃபெரி என்று பெயர். அதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு வெளியூர் வேன் பேசினால் ஷெட்டிலிருந்து ஷெட் வரை கிலோமீட்டர் போடுகிறார்களே, அதே கணக்கு.

கணக்கு புரிவதற்காக வட்டத் தொகை வைத்துப் பார்ப்போம். மும்பையில் நிற்கும் ஜெட்டுக்கு மணிக்கு 2.5 லட்சம், பெங்களூரில் நிற்கும் ஜெட்டுக்கு மணிக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பை விமானம்: வருவதற்கு 1.5 மணி, ராஜ்கோட்டுக்கு 2, கோவைக்கு 2, மும்பை திரும்ப 1.5. மொத்தம் 7 மணி, 17.5 லட்சம்.

பெங்களூர் விமானம்: 0.75, 2, 2, 0.75. மொத்தம் 5.5 மணி, 16.5 லட்சம்.

மணிக்கட்டணம் அதிகமான விமானம் கடைசியில் ஒரு லட்சம் மலிவாக வருகிறது. அதனால் விலை கேட்கும்போது முதல் கேள்வி "மணிக்கு எவ்வளவு?" என்று இருக்கக் கூடாது. "விமானம் எந்த ஊரில் நிற்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. பதிவு எண்ணை வாங்கி, விமானங்களின் போக்கைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் தேடினால், கடந்த சில நாட்களில் எங்கிருந்து எங்கே பறந்தது என்று பெரும்பாலும் தெரியும். சொன்ன ஊரில்தான் நிற்கிறதா என்று அங்கே சரிபாருங்கள்.

பறக்கும் நேரம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வானில் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட மாட்டார்கள். சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து திரும்பக் கட்டை வைக்கும் வரை மீட்டர் ஓடும். பரபரப்பான நிலையத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும் நிமிடங்களும் இதில் அடக்கம்.

இவை தவிர, கொட்டேஷனில் தரையிறங்கும் கட்டணம், பார்க்கிங், ஹேண்ட்லிங் (தரையில் செய்யும் வேலைகளுக்கான கட்டணம்), இரவு தங்கினால் விமானிகளின் தங்கும் செலவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணிக்குக் கட்டணம் என்று ஒரு குறிப்பு, கடைசியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை இருக்கும். "எக்ஸ்ட்ரா அட் ஆக்சுவல்ஸ்" (ஆகிற செலவு தனி) என்று பொதுவாக எழுதியிருந்தால் விடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தோராயத் தொகை எழுதி வாங்குங்கள். எல்லாம் மின்னஞ்சலில் வரட்டும். வாட்ஸ்அப்பில் பேசியது பின்னால் தேடினால் கிடைப்பதில்லை.

படி 4: பெர்மிட் இருக்கிறதா?

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஒருவரிடம் சொந்த விமானம் இருப்பதாலேயே அவர் அதை வாடகைக்கு விட முடியாது. இந்தியாவில் இப்படிக் காசு வாங்கிப் பயணி ஏற்ற, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட் (கால அட்டவணை இல்லாமல் பறக்கும் நிறுவனத்துக்கான அனுமதி) வேண்டும். பெர்மிட் வைத்திருப்பவர்களின் பட்டியல் டி.ஜி.சி.ஏ. தளத்திலேயே இருக்கிறது. நாம் பேசுகிறவர் பெரும்பாலும் புரோக்கராக இருப்பார், அதில் தவறில்லை. ஆனால் பறக்கப்போகும் ஆபரேட்டர் யார், விமானத்தின் VT என்று தொடங்கும் பதிவு எண் என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்தவரிடம் போங்கள்.

2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நான்த் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஏறிய சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. சாலாவும் விமானியும் இறந்தார்கள். காசு வாங்கிப் பயணி ஏற்ற அந்த விமானத்துக்கு அனுமதி இல்லை, விமானிக்கும் அதற்கான உரிமம் இல்லை என்று பிரிட்டன் விசாரணையில் தெரியவந்தது. பறப்பை ஏற்பாடு செய்தவருக்கு 2021-ல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெர்மிட் இல்லாத விமானத்தில் விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிரிக்கலாம். நண்பரின் விமானம், எரிபொருள் செலவு மட்டும் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள்.

படி 5: பயண நாள்

பாதுகாப்புச் சோதனை கிடையாது என்பது தவறு. அடையாள அட்டை, ஸ்கேனர், உடல் சோதனை எல்லாம் உண்டு, வரிசை மட்டும் சிறியது. பயணிகளின் பெயர்களை முன்பே அனுப்ப வேண்டும், கடைசி நிமிடத்தில் மச்சானைக் கூட ஏற்ற முடியாது.

எட்டு இருக்கை என்றால் எட்டுப் பெரிய பெட்டி ஏறும் என்றும் எண்ண வேண்டாம். ஹாக்கர் 800 வகையில் பெட்டிகள் வைக்கும் இடமே கேபினின் ஒரு மூலைதான். மடங்கும் துணிப்பை கொண்டுபோகச் சொல்லுங்கள்.

நாம் தாமதமானாலும் விமானம் காத்திருக்கும் என்பது ஓரளவே உண்மை. விமானிகளின் பணி நேரத்துக்கு டி.ஜி.சி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. கூட்டம் இழுத்துக்கொண்டே போய் அந்த வரம்பு முடிந்துவிட்டால், அன்று இரவு அந்த ஊரில்தான் படுக்கை. கிளம்ப வேண்டிய கடைசி நேரத்தைக் காலையிலேயே கேப்டனிடம் கேட்டு, கூட்டத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை

எம்ப்டி லெக் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன காலிப் பறப்பைத்தான் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். முதலில் எடுத்தவர் பயணத்தை மாற்றினால் உங்கள் பறப்பும் போய்விடும். ஒருவழிச் சுற்றுலாவுக்குச் சரி, முகூர்த்தத்துக்கும் ஒப்பந்தக் கையெழுத்துக்கும் வேண்டாம்.

நோயாளியை இதே விமானத்தில் அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். படுத்த நிலையில் போக வேண்டியவருக்கு ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜனும் பொருத்திய ஏர் ஆம்புலன்ஸ் தனியாகப் பேச வேண்டும். மருத்துவரின் பயணத் தகுதிச் சான்றும் கேட்பார்கள்.

ஒரு ஆடிட்டர் எழுதியது எல்லாருக்கும் பயன்படும். கம்பெனி பெயரில் எடுத்தால் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுக்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு விமான வாடகைக்கு அந்த வரவைப் பெரும்பாலும் மறுக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். அதுவரை மேலே சொன்ன பெங்களூர் கணக்கை 16.5 லட்சம் என்று எழுதாமல், 18 சதவீதம் சேர்த்து 19.47 லட்சம் என்றே பட்ஜெட்டில் எழுதுங்கள்.