வில்லின் முதுகுக்கு நிறம் ஏற்றுவது

வில்லின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே சீராக வளைகின்றன, இனி எங்கும் செதுக்க வேண்டியதில்லை என்று உறுதியான பிறகு சாயத்தைக் கையில் எடுங்கள். அதற்கு முன்னால் பூசினால் எல்லாம் சுரண்டலோடு போய்விடும்.

முதுகு என்பது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம். நாணை இழுக்கும்போது விரிவது அதுதான். வயிற்றுப் பக்கத்தில், அதாவது எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்தில், கேடு வந்தால் பெரும்பாலும் சிறு மடிப்பாகத் தெரியும். முதுகில் ஒரு நார் கிளம்பினால் வில் பட்டென்று ஒடியும். அதனால் மரத்தின் ஒரே ஆண்டு வளையத்தை முனைக்கு முனை அறுபடாமல் விட்டிருப்பீர்கள். அழகுக்காக அதைத் தேய்த்து மட்டமாக்க வேண்டாம். மேடு பள்ளம் இருந்தால் இருக்கட்டும், நிறம் ஏறியதும் அதுதான் பார்க்க நன்றாக இருக்கும்.

உப்புத்தாளை எப்போதும் நீளவாக்கிலேயே ஓட்டுங்கள். 120, 180, 220 எண் தாள்கள் என்று வரிசையாகப் போனால் போதும். குறுக்குக் கீறல் முதுகுக்கு ஆகாது, சாயமும் அதில் கோடாகத் தங்கும். ஓரங்களை உருட்டிவிடுங்கள். அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் சிலும்பு எழும்பும். அதை லேசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பசை ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும், அதையும் இப்போதே பாருங்கள்.

கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் சாயம் (ஆல்கஹாலில் கரைத்தது) சீக்கிரம் காயும், சிலும்பை எழுப்பாது. எனக்கு அதைவிட இரும்புக் கருப்பு பிடிக்கும். துருப்பிடிக்கும் வகை இரும்பு நாரை வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள் (பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத சுருள் இதற்கு உதவாது). வாயு வெளியேறும், மூடியை இறுக்கக் கூடாது. வடிகட்டிப் பூசினால், மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து சாம்பல் முதல் கருப்பு வரை நிறம் வரும். ஓக் போன்ற மரம் உடனே கறுக்கும். டானின் குறைந்த மேப்பிளுக்கு முதலில் கெட்டியான டீ டிகாஷனைத் தடவிக் காயவிட்டு, பிறகு இதைப் பூசுங்கள். மேலே பூசும் பெயின்ட் போல இல்லாமல், இந்த நிறம் மரத்துக்கு உள்ளிருந்தே வந்ததுபோல் இருக்கும். எதுவானாலும் அதே மரத்தின் துண்டு ஒன்றில் முதலில் பாருங்கள். முதுகில் நரம்போ (விலங்கின் தசைநாண்) பச்சைத்தோலோ (பதனிடாத தோல்) விலங்குப் பசையால் ஒட்டியிருந்தால் மட்டும் இந்தத் தண்ணிச் சமாச்சாரம் வேண்டாம், பசை இளகிவிடும்.

பட்டை பட்டையாக நிறம் வேண்டும் என்றால் மாஸ்கிங் டேப் மட்டும் போதாது, சாயம் நார் வழியாக அடியில் ஓடும். இரும்புக் கருப்பு என்றால், நிறம் வேண்டாத இடத்தில் முதலில் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) பூசிக்கொள்ளுங்கள். எல்லைக்கோடு போடக் கத்தி எடுக்கவே கூடாது.

சாயத்தைச் சீக்கிரம் காயவைக்க நெருப்பருகே வைக்காதீர்கள். அளவுக்கு மீறி உலர்ந்த முதுகு சட்டென ஒடியும்.

மேல்பூச்சு வில்லோடு சேர்ந்து வளைய வேண்டும். கெட்டியான வார்னிஷ் நாளடைவில் வெடிக்கும். எண்ணெய்தான் என் தேர்வு: டங் எண்ணெய் (டங் மரக்கொட்டை எண்ணெய்) அல்லது ‘பாயில்டு’ என்று கடையில் விற்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய். மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. நாண் மாட்டும் வெட்டுகளையும் முனைகளையும் மறக்காதீர்கள், ஈரம் அதிகம் ஏறுவது வெட்டுமுகத்தில்தான். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள். கைப்பிடித் தோலை எண்ணெய் முழுதாகக் காய்ந்த பிறகு சுற்றுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது.