மேசை ஆர்கேட் பெட்டி: படத்துக்கு முன்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைமேல் வைத்து விளையாடும் ஆர்கேட் பெட்டியை, அதாவது காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் சிறு வடிவத்தை, வீட்டிலேயே செய்ய விரும்பி யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். பக்கப் பலகையில் எந்தக் கார்ட்டூன், மேலே நெற்றிப் பலகையில் என்ன பெயர், என்ன நிறம் என்று எல்லாம் முடிவாகியிருக்கும். அடிப்பலகையின் ஆழம் எவ்வளவு, முன்கால்கள் எங்கே வரும் என்று கேட்டால் பதில் இருக்காது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பெட்டி முடிந்த அன்று அக்கா மகன், எட்டு வயதுப் பையன், விளையாடும் ஆவலில் இரண்டு முழங்கைகளையும் பட்டன் பலகையின் மேல் ஊன்றினான். பெட்டியின் பின்பக்கம் மேசையை விட்டு எழுந்தது. அருகில் நின்றதால் பிடித்துவிட்டேன். மானிட்டரோடு சேர்த்து அது அவன் மடியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதன் பிறகு எந்தப் பெட்டியையும் விளையாடுபவரின் கையிலிருந்துதான் வரையத் தொடங்குகிறேன்.

பெரிய பெட்டியைச் சுருக்கி வரைவது

அந்த விபத்துக்குக் காரணம் பலரும் செய்கிற ஒரே தவறுதான். தரையில் நிற்கும் பழைய ஆர்கேட் இயந்திரத்தின் பக்கவாட்டு வடிவத்தை எடுத்து, அப்படியே பாதியாகச் சுருக்கிவிடுகிறோம். அந்த இயந்திரத்தில் பட்டன் பலகை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது அழகு. ஆனால் அது ஒரு ஆளால் தனியாகத் தூக்க முடியாத எடை. ஒரு கூட்டமே சாய்ந்து நின்றாலும் அசையாது. வடிவத்தைச் சுருக்கும்போது அந்த எடை கூட வருவதில்லை.

கணக்கு எளிது. பெட்டி மொத்தம் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் முன்கால்களுக்கு 18 செ.மீ. பின்னால் இருக்கிறது. பட்டன் பலகையின் விளிம்பு முன்கால்களைத் தாண்டி 12 செ.மீ. நீட்டியிருக்கிறது. அந்த விளிம்பில் 15 கிலோ அழுத்தம் விழுந்தால் போதும், பெட்டி கவிழத் தொடங்கும். 10-ஐ 18-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 15. கைகளை ஊன்றும் ஒரு சிறுவன் இதைச் சாதாரணமாகக் கொடுத்துவிடுவான். இப்போது அதே பெட்டியில் முன்கால்களை மட்டும் 9 செ.மீ. முன்னால் தள்ளுங்கள். நீட்டல் 3 செ.மீ., எடை மையத்தின் தூரம் 27 செ.மீ. கவிழ்க்க 90 கிலோ தேவை. மரமும் எடையும் கூடவில்லை, கால் இருக்கும் இடம் மட்டும்தான் மாறியது.

எனவே அடிப்பலகை பட்டன் பலகையின் விளிம்பு வரை வரட்டும். கீழே உள்வாங்கியதுபோல் தெரிய வேண்டும் என்றால் பக்கப் பலகையின் முன் ஓரத்தில் கறுப்பு வண்ணம் பூசி அந்தத் தோற்றத்தைக் கொண்டுவரலாம். கால் மட்டும் முன்னாலேயே இருக்க வேண்டும்.

கவிழாத பெட்டியும் வழுக்கும். ஜாய்ஸ்டிக்கை வேகமாக இழுக்கும்போது பெட்டி மேசையில் நகர்ந்தால் ஆட்டத்தின் சுகமே போய்விடும். அடியில் கால்களாக வைக்கும் ரப்பர் புஷ்களில் ஒட்டும் வகையை நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலில் பசை இளகி, சில மாதங்களில் புஷ் தன் இடத்தை விட்டு விலகிவிடும். நடுவில் திருகு போட்டு முடுக்கும் ரப்பர் புஷ்களே நல்லவை. அடிப்பலகை சற்று வளைந்திருந்தால் நான்கில் மூன்று புஷ்தான் மேசையில் படும். அப்போது ஒரு புஷ்ஷின் அடியில் மெல்லிய வாஷர் வைத்துச் சமன் செய்யுங்கள்.

எல்லாம் 18 மில்லி என்ற பிடிவாதம்

பெட்டி ஆடும் என்று பயந்து அதை முழுக்கவே 18 மி.மீ. பலகையில் செய்பவர்கள் உண்டு. 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 9 கிலோ. 18 மி.மீ. என்றால் 13 கிலோவைத் தாண்டும். மேல்பகுதியும் கனமானால் எடை மையம் மேலே ஏறுகிறது. எடை வேண்டியது கீழே. அடிப்பலகை மட்டும் 18, பக்கங்களும் மேல்பலகையும் 12 என்பதே என் வழக்கம்.

ஆடுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் தடிமன் அல்ல, பின்பலகை இல்லாததுதான். நான்கு பலகைகளைச் சதுரமாக இணைத்து முன்னும் பின்னும் திறந்து விட்டால், எவ்வளவு தடித்த பலகையாக இருந்தாலும் தள்ளினால் சாய்சதுரமாகச் சரியும். உள்ளே கை விட இடம் வேண்டும் என்பதற்காகப் பின்புறத்தை முழுக்கத் திறந்து வைப்பது தவறு. சுற்றிலும் ஒரு கை அகலத்துக்குப் பலகை நிற்கட்டும், நடுவில் மட்டும் கதவு வெட்டுங்கள்.

இணைப்பு விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். எம்.டி.எஃப். பலகையின் விளிம்புக்குள் நேராகத் திருகை இறக்கினால் அது அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். மூலைகளின் உட்புறம் ஒரு அங்குல ரீப்பர் கட்டையைப் பசை தடவி வைத்து, பலகையின் வழியாக அந்தக் கட்டைக்குள் திருகுங்கள். முன்துளை போடாமல் எந்தத் திருகையும் இறக்காதீர்கள்.

பட்டன் பலகை

பொருள் வாங்கிய பிறகு அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஜப்பானிய வகைப் பட்டன்களில் 30 மி.மீ. துளைக்குரியவை பல, அழுத்தினால் பக்கக் கொக்கிகளால் பிடித்துக்கொள்பவை. அவை மெல்லிய உலோகத் தகட்டுக்காக உருவானவை. 12 மி.மீ. மரத்தில் அந்தக் கொக்கி விரிய இடமில்லை, நாலு நாளில் பட்டன் கழன்று வரும். மரப் பலகை என்றால் உடல் நீண்ட, அடியில் நட்டு போட்டு முடுக்கும் வகையை வாங்குங்கள். அவற்றின் துளை அளவு வேறு, சுமார் 28 மி.மீ. எனவே பட்டன் கையில் வந்த பிறகே துளை போட வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கிலும் இதே சிக்கல்தான். 12 மி.மீ. பலகையின் அடியில் மாட்டினால் தண்டின் ஒரு பகுதி மரத்துக்குள்ளேயே மறைந்து, மேலே அது குட்டையாக நிற்கும். ஜாய்ஸ்டிக்கின் தகடு அமரும் இடத்தை மட்டும் அடியிலிருந்து ரூட்டர் என்னும் மரம் குடையும் கருவியால் குடைந்து, 5 அல்லது 6 மி.மீ. மரம் மீதமிருக்கும்படி செய்தால் தண்டு சரியான உயரத்துக்கு வரும். பலகைக்குக் கீழே ஜாய்ஸ்டிக்கும் கம்பிகளும் புழங்க 7 செ.மீ. இடமாவது விடுங்கள். முன்பக்கத்தை மெல்லியதாக வரைந்துவிட்டு, பிறகு ஜாய்ஸ்டிக் அடிப்பலகையில் இடிப்பதைக் கண்டு வருந்துபவர்கள் நிறைய.

எத்தனை பட்டன்? விளையாடப் போகும் ஆட்டங்களைப் பட்டியலிடாமல் ஆளுக்கு எட்டுத் துளை போடுவது இடத்தையும் படத்தையும் கெடுக்கும். 1980-இல் வந்த பேக்-மேனுக்கு ஜாய்ஸ்டிக் மட்டும் போதும். 1981-இன் டாங்கி காங்குக்கு ஒரே பட்டன், குதிப்பதற்கு. கொனாமி 1989-இல் வெளியிட்ட நிஞ்சா ஆமைகள் ஆட்டத்துக்கும் 1991-இல் வெளியிட்ட சிம்ப்சன்ஸ் ஆட்டத்துக்கும் அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று என இரண்டே. கார்ட்டூன் பெட்டியில் சண்டை ஆட்டங்களுக்குரிய ஆறு பட்டன் வரிசை பெரும்பாலும் வேலையில்லாமல் கிடக்கும்.

இன்னொன்று, பேக்-மேன் நான்கு திசை ஆட்டம். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் அதை ஆடினால் மூலைகளில் குச்சி குறுக்கே போய், திருப்பம் தவறும். குழந்தை தன் கையைக் குறை சொல்லிக்கொள்ளும். சில ஜாய்ஸ்டிக்குகளின் அடியில் உள்ள பிளாஸ்டிக் சட்டத்தைத் திருப்பி மாட்டினால் நான்கு திசையாகிவிடும். வாங்கும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையிலும் இதுபோல் ஒரு பொறி இருக்கிறது. பேக்-மேனும் டாங்கி காங்கும் நின்ற வாக்கிலான திரைக்காக வந்தவை. அகலத் திரை மானிட்டரில் அவை நடுவில் ஒரு ஒல்லிப் பட்டையாகச் சுருங்கிவிடும். பழைய 19 அங்குலச் சதுர வாக்கு மானிட்டர் இந்த வேலைக்கு இன்றும் மிகப் பொருத்தம். திரையை 20 பாகை அளவுக்குப் பின்னால் சாய்த்தால் கண்ணுக்கு இதம். அதற்கு மேல் சாய்த்தால் கூரை விளக்கு திரையில் பளிச்சிடும். மானிட்டரைப் பின்புறத் துளைகளில் எம்4 (4 மி.மீ. தடிமன்) திருகால் மாட்டும்போது நீளத்தைச் சோதியுங்கள். நீண்ட திருகு உள்ளே போய்த் திரையையே உடைக்கலாம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: 230 வோல்ட் பெட்டிக்குள் திறந்த நிலையில் வரவே கூடாது. மானிட்டரின் உறையைக் கழற்றாதீர்கள். படக்குழாய் டிவி பக்கமே போகாதீர்கள், அணைத்த பிறகும் அதற்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கலாம். ஆட்டங்களை ஓட்டும் ராஸ்ப்பெரி பை 4 போன்ற சிறு கணினிக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். பழைய செல்போன் சார்ஜரை மாட்டினால் நடு ஆட்டத்தில் திணறும். 80 பாகை செல்சியஸைத் தொட்டால் அந்தக் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே கீழே காற்று நுழையவும் பின்னால் மேலே வெளியேறவும் துளைகள் வேண்டும்.

படம்

இணையத்தில் கிடைத்த படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது மிகச் சாதாரணமான தவறு. 45 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள பக்கப் பலகைக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி என்று கொண்டாலும் ஏறக்குறைய 2,650க்கு 2,950 புள்ளிகள் தேவை. கார்ட்டூனின் அழகே தடித்த, சுத்தமான கோடு. அது பிசிறடித்தால் எல்லாம் போயிற்று. கோட்டுப் படமாகவே வெக்டர் முறையில் வரைந்தால் எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும் என்பதால் ஒரு சாண் அளவுக்கு முதலில் மாதிரி அச்சடித்துப் பாருங்கள்.

ஒரு பக்கத்துப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபக்கத்துக்கு வைக்கும்போது எழுத்துகளும் இடவலமாகத் திரும்பிவிடும். பாத்திரத்தை மட்டும் திருப்பி, எழுத்தைத் தனியாக வையுங்கள். ஸ்பீக்கர் துளைகள் பாத்திரத்தின் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் துணி இதற்கு ஆகாது. மேட் லேமினேஷன் செய்த வினைல் ஸ்டிக்கர் கேளுங்கள், நான்கு ஓரத்திலும் ஒரு செ.மீ. கூடுதலாக அச்சிடச் சொல்லுங்கள். எதுவும் பூசாத எம்.டி.எஃப். மேல் ஸ்டிக்கர் பிடிக்காது. பிரைமர் அடித்து, உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்த பிறகே ஒட்ட வேண்டும்.

எந்தப் பாத்திரம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நிண்டெண்டோ நிறுவனம் முதலில் செய்ய விரும்பியது பாப்பாய் கார்ட்டூனை வைத்து ஒரு ஆட்டம். உரிமை கிடைக்கவில்லை. அதனால் அங்கிருந்த வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ சொந்தமாக ஒரு கொரில்லாவையும், ஒரு பெண்ணையும், அவளை மீட்க ஓடும் ஒரு ஆளையும் உருவாக்கினார். டாங்கி காங் அப்படிப் பிறந்தது. பின்னாளில் மரியோ ஆன அந்த ஆள் முதலில் ஒரு தச்சர். பெட்டி செய்யும் நமக்கு இதைவிட நல்ல முன்னோடி யார்? உங்கள் வீட்டுப் பூனையை, தெருமுனை ஐஸ் வண்டியை, பிள்ளை கிறுக்கிய பூதத்தைத் தடித்த கோட்டில் வரையுங்கள். பிறருடைய பாத்திரத்தை ஒட்டிய பெட்டியை விற்கத் தொடங்கினால் அது பதிப்புரிமைச் சிக்கலும் ஆகும்.

பட்டன் பலகையில் படமே வேண்டாம் என்பது என் அனுபவம். ஒரே நிறம், ஓரத்தில் ஒரு மெல்லிய கோலம் போதும். அங்கே கண் தேட வேண்டியது பட்டனை மட்டுமே. இதை நம்ப மறுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்த ஸ்டிக்கரும் ஒட்டாமல், வெள்ளைப் பிரைமரோடு ஒரு வாரம் பெட்டியை வீட்டாரிடம் விளையாட விடுங்கள். எட்டாம் நாள் பார்த்தால் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து, மணிக்கட்டு எங்கெங்கே படுகிறது என்று பலகையில் தெளிவாக வரைந்து வைத்திருக்கும். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.