ஒட்டோ கியர் காரின் கியர் ஒயிலைப் பார்ப்பதும் நிரப்புவதும்

எஞ்சின் ஒயிலை மறக்காமல் பார்க்கிற ஆட்கள்கூட கியர் ஒயிலை எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக் கொரோலா 121, டி-யில் போட்டால் சற்றுத் தயங்கி, பிறகு ஒரு குலுக்கலோடு இழுக்கத் தொடங்கியது. ஒயில் குறைவுதான் காரணம், நிரப்பியதும் சரியாகிவிட்டது. பக்கத்தில் கராஜ் இல்லாத உள்ளூர்களில் இருப்பவர்கள் இந்த வேலையைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒயில். ஒட்டோ கியருக்கு எல்லா ஒயிலும் ஒத்துவராது. எங்கள் 121-க்கு டைப் டி-4 (Type T-IV). உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் இருக்கும். பல கார்களில் கியர் ஒயிலின் அளவு பார்க்கும் கம்பியிலேயே பொறித்திருப்பார்கள். உழவு இயந்திரத்துக்கு வாங்கி வைத்ததில் மிச்சம் கிடக்கிறதே என்று அதை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். அப்புறம், கழுத்து நீண்ட ஒடுக்கமான புனல் ஒன்று. மண்ணெண்ணெய் ஊற்றிய புனல் வேண்டாம், இதற்கென்றே புதிதாக ஒன்று வாங்குங்கள். துடைக்க, நன்றாகத் துவைத்த பழைய பருத்திச் சாரத் துண்டுதான் என் தெரிவு. ரிஷூவும் நூல் உதிரும் சீலையும் ஆகாது. கியர் பெட்டிக்குள் இருக்கும் வால்வுகள் மிக நுண்ணியவை.

காரை மட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். கிரவல் முற்றம் மட்டமாகத் தெரிந்தாலும் சரிவு இருக்கும். நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் கிடைத்தால் நல்லது.

ஒயில் சூடாக இருக்க வேண்டும். கம்பியில் ‘ஹொட்’ என்று குறித்திருக்கும் அளவு, ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறிய நிலைக்கானது. கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிப் பிள்ளையார் வரை போய்த் திரும்பினால் தாராளம். ஆனால் உச்சி வெயிலில் வவுனியாவிலிருந்து ஏ-9 வழியே ஒரே ஓட்டமாக வந்து இறங்கியவர் உடனே பார்க்கக் கூடாது. ஒயில் அளவுக்கு மீறிக் கொதித்து விரிந்திருக்கும், கம்பி கூடுதலாகக் காட்டும். அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் பாருங்கள்.

இனி எஞ்சினை ஓடவிட்டபடியே ஹான்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி பி-க்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒயில் கீழே வடிந்து அளவு கூடித் தெரியும். ஹொண்டா கார்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு: எஞ்சினை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். பொனற்றைத் திறந்ததும் காற்றாடிப் பக்கம் கை போகாமல் கவனம்.

கம்பியை இழுத்துத் துடைத்து, அடிவரை செருகி, திரும்ப இழுத்துப் பாருங்கள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு பக்கம் ‘ஹொட்’ கோட்டுக்கு மேலே நனைந்திருக்கும், மறுபக்கம் கீழே நின்றுவிடும். கம்பி போகிற குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஒயில் ஒரு பக்கத்தில் இழுபடுவதால் வருகிற மயக்கம் இது. குறைவாகக் காட்டும் பக்கம்தான் உண்மை. சந்தேகமாக இருந்தால் துடைத்துத் துடைத்து, ஒரே இடத்தில் வந்து நிற்கும் வரை பாருங்கள்.

நிறத்தையும் பாருங்கள். தெளிந்த சிவப்பென்றால் நல்லது. கறுத்து, தீய்ந்த மணம் அடித்தால் நிரப்பிப் பயனில்லை, கராஜுக்குக் கொண்டு போங்கள். பலூடா நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது: றேடியேற்றருக்குள் இருக்கும், கியர் ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்திருக்கலாம், அல்லது மாரியில் குளம் வான்பாய்ந்த வீதியைக் கடந்தபோது புகுந்திருக்கலாம். அந்தக் காரை ஓட்டவே கூடாது.

குறைவென்றால் அதே குழாய்க்குள் புனலை வைத்து ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். சிறிய சோடாப் போத்தலால் அளந்து ஊற்றுவது என் வழக்கம். ‘ஹொட்’ அளவின் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் பிடிக்கிற ஒயில் அவ்வளவு கொஞ்சம். ஊற்றியதும் கியர்களை மறுபடி மாற்றி, குழாய் வடியச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டவிடாதீர்கள். கூடினால் ஒயில் நுரைத்து, குறைந்தபோது வந்த அதே தயக்கமும் குலுக்கலும் திரும்ப வரும்.

கியர் ஒயில் எரிந்து குறைவதில்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கேயோ கசிகிறது. இரவில் காருக்குக் கீழே ஒரு மட்டையை விரித்துவிட்டுக் காலையில் சிவப்புத் துளி எங்கே விழுந்திருக்கிறதென்று பாருங்கள். அடித்தட்டின் காஸ்கற், கூலர் குழாய், சில்லுக்குப் போகும் அச்சின் ஒயில் சீல், இந்த மூன்றும்தான் வழக்கமான இடங்கள்.

பின்சேர்க்கை: தங்கள் காரில் கம்பியே இல்லை என்று சிலர் கேட்டார்கள். புதிய மொடல்கள் பலவற்றில் கம்பி கிடையாது. கீழே ஒரு நட்டைக் கழற்றி, ஒயிலின் சூட்டைக் கருவியால் அளந்து, வழிவதைப் பார்த்து நிரப்ப வேண்டும். காரை நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் தூக்காமல் அது முடியாது, கராஜிலேயே செய்வியுங்கள். சி.வி.டி கியர் (பற்சக்கரங்களுக்குப் பதில் பட்டியால் வேகத்தை மாற்றும் கியர்) உள்ள கார்களுக்கு அதற்கென்றே தனி ஒயில் இருக்கிறது. டி-4 போன்ற சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை அவற்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் பட்டி வழுக்கிக் கியர் பெட்டியே போய்விடும்.