திறமை ஒரு தட்டில், நடத்தை இன்னொரு தட்டில்: பேக்கப் குவாட்டர்பேக்கை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், அணி ஒன்றின் பட்டியலில் 53 வீரர்கள் இருப்பார்கள். அவர்களில் சீசன் முழுக்கத் தயாராக இருந்தும், ஒரு பந்துகூட எறியாமல் வீடு திரும்பக்கூடியவர் பேக்கப் குவாட்டர்பேக்: பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முதன்மை குவாட்டர்பேக்குக்கு மாற்றாக நிற்பவர். டெஸ்ட் தொடர் முழுக்க அணியோடு ஊர் ஊராகப் போய், கையுறையை அழுக்காக்காமல் திரும்பும் இரண்டாவது விக்கெட் கீப்பரின் நிலைதான் இவருக்கும். ஆனால் முதன்மை குவாட்டர்பேக்குக்குக் காயம் பட்டால், அடுத்த நொடியே அந்த அணியின் தலைவிதி இவர் கைக்கு வந்துவிடும். 2017 டிசம்பர் 10 அன்று பிலடெல்பியா ஈகிள்ஸின் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போனது. பேக்கப்பாக இருந்த நிக் ஃபோல்ஸ் எட்டே வாரங்களில், 2018 பிப்ரவரி 4 அன்று, நியூ இங்கிலாந்தை 41-33 என்று வீழ்த்தி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் நாயகன் ஆனார்.

அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் அணி அந்தச் சூதாட்டத்தில் இறங்குகிறது. அபாரமான கைவலு, மோசமான கடந்தகாலம், மலிவான சம்பளம்: இப்படி ஒருவர் சும்மா இருக்கிறார், எடுத்துப் போட்டால் என்ன? "திறமை இருக்கு, ஆனா ஆள் சரியில்லை" என்று ஒரு தரப்பும், "பேக்கப்தானே, என்ன ஆகிவிடப்போகிறது" என்று இன்னொரு தரப்பும் பேசும். கேள்வியை இப்படிக் கேட்பதிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

நடத்தையைத் திறமைக்கு எதிர்த்தட்டில் வைப்பது

பேக்கப்பின் வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது புரியும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான திட்டம் புதன்கிழமை கைக்கு வரும். அன்று முதல் பயிற்சியில் முதல் அணியோடு பந்து எறியும் வாய்ப்பு அனேகமாக முழுவதும் முதன்மை குவாட்டர்பேக்குக்கே. பேக்கப்புக்குத் தரப்படும் வேலை, வரப்போகும் எதிரணியின் குவாட்டர்பேக்காக நடிப்பது. உதவிப் பயிற்சியாளர் எதிரணியின் ஆட்டத்தை ஓர் அட்டையில் வரைந்து தூக்கிப் பிடிப்பார். அதைப் பார்த்து, அதே காலடி, அதே கோணத்தில் எறிந்து தன் அணியின் தற்காப்பு வீரர்களைத் தயார்படுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தான் ஆட நேர்ந்தால் ஆட வேண்டிய சொந்தத் திட்டத்தையோ அவர் அறையில் உட்கார்ந்து, வீடியோ பார்த்து, அடுத்தவர் எறிவதைப் பின்னால் நின்று கவனித்துத்தான் மனதில் ஏற்ற வேண்டும். கைதட்ட ஆள் இருக்காது. கண்காணிக்கவும் பெரும்பாலும் ஆள் இருக்காது.

இந்த வேலையில் நேரத்துக்கு வருவது, வீடியோ பார்ப்பது, இரவு எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் வேலைக்கு வெளியே இருக்கும் நற்பண்புகள் அல்ல. வேலையே அதுதான். முதன்மை ஆட்டக்காரர் விஷயத்தில் ஓர் அணி இவற்றைக் கொஞ்சம் கண்டும் காணாமல் விட்டுச் சமாளிக்கலாம்; பயிற்சி முழுக்க அவருக்கே கிடைப்பதால் ஓரளவு தானாகவே தயாராகிவிடுவார். பேக்கப்புக்கு அந்த வசதி கிடையாது.

ஜானி மான்ஸியலை நினைத்துப் பாருங்கள். 2012-இல் கல்லூரி முதலாண்டு ஆட்டக்காரராகவே ஹைஸ்மன் விருதை (கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கானது) வென்ற முதல் ஆள். 2014 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அவரை 22-வது இடத்தில் எடுத்து, பிரையன் ஹோயருக்குப் பின்னால் பேக்கப்பாக உட்கார வைத்தது. அந்த நாட்களில் தான் ஆட்ட வீடியோவே பார்க்கவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்னார். 2016 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. அவரது கைத்திறமை பற்றி அணி போட்ட கணக்கு சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் மைதானத்தில் கல்லூரி ஆட்டத்தால் சமாளிக்க முடியாத இடங்களை நிரப்பியிருக்க வேண்டிய வார நாள் உழைப்பு அவரிடம் இல்லை.

எல்லாவற்றையும் 'கேரக்டர்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது

அடுத்தவருக்குத் தீங்கு செய்தவர், குடிநோயில் சிக்கியவர், சோம்பேறி, அணி நிர்வாகத்துக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னவர் என்று நால்வரையும் ஒரே சொல்லால் முத்திரை குத்துவது என்எஃப்எல் அலுவலகங்களில் நீண்டகாலப் பழக்கம். நால்வரும் நான்கு விதம். கேட்க வேண்டிய கேள்விகளும் நான்கு விதம்.

கெரி காலின்ஸ் 1998-இல் கரோலினா அணியின் பயிற்சியாளரிடம் போய், ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை என்று சொன்னார். அணி அவரை வெளியே அனுப்பியது. அடுத்த மாதமே குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானார். அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள். 1999 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை எடுத்தபோது எழுந்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவருடைய சிக்கலுக்குப் பெயர் இருந்தது, சிகிச்சையும் இருந்தது. அவர் அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார். பேக்கப்பாகத் தொடங்கி, அந்த சீசனிலேயே முதன்மை இடத்துக்கு வந்தார். 2001 ஜனவரியில் மின்னசோட்டாவை 41-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் 381 கெஜம் எறிந்தார், அவற்றில் ஐந்து பாஸ்கள் டச்டவுன் (ஆறு புள்ளி தரும் கோல்) ஆயின.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் காலின் கேப்பர்னிக். 2016-இல் நிற அடிப்படையிலான காவல்துறை வன்முறைக்கு எதிராக தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அந்த சீசனில் அவர் எறிந்தவை 16 டச்டவுன்கள், எதிரணி பறித்தவை நான்கே நான்கு. அடுத்த ஆண்டு அவரை பேக்கப்பாகக்கூட ஓர் அணியும் எடுக்கவில்லை. 'கவனச்சிதறல்' என்று காரணம் சொன்னார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை, எந்தப் பயிற்சிக்கும் மட்டம் போடவில்லை. பெண்களைத் தாக்கிய வழக்குகளில் சிக்கியவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு தந்த ஒரு லீக், அமைதியாக மண்டியிட்டவருக்குக் கதவைச் சாத்தியது. 'கேரக்டர்' என்ற மூட்டையை அவிழ்க்காமலே எடை போட்டால் வரும் அநீதி இதுதான். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

மன்னிப்பு கேட்டதையே மாற்றம் என்று எடுத்துக்கொள்வது

அட்லாண்டா ஃபால்கன்ஸின் முதன்மை குவாட்டர்பேக்காக இருந்த மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டை விவகாரத்தைப் பலரும் 'மன்னித்தார்கள், ஜெயித்தார்கள்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேறு பாடம் கிடைக்கும்.

2007 ஏப்ரலில் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் அவருக்குச் சொந்தமான இடத்தில் சோதனை நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. தனக்குத் தொடர்பே இல்லை என்று அட்லாண்டா ஃபால்கன்ஸ் உரிமையாளர் ஆர்தர் பிளாங்கிடமும் லீக் ஆணையர் ராஜர் குட்டெலிடமும் விக் முகத்துக்கு நேரே சொன்னார். ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சண்டைக்கு உதவாத நாய்களைக் கொன்றதில் தனக்குப் பங்குண்டு என்பதையும் சேர்த்துத்தான். 23 மாதச் சிறைத் தண்டனை. நாய்களின் பராமரிப்புக்காக சுமார் 9,28,000 டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம்.

2009 ஆகஸ்ட் 13 அன்று ஈகிள்ஸ் அவரை எடுத்தது. மறுநாள் செய்தியாளர் சந்திப்பில் அவர் பக்கத்தில் டோனி டங்கி உட்கார்ந்திருந்தார். சிறையிலேயே போய் விக்கைப் பார்த்துப் பேசிய முன்னாள் பயிற்சியாளர் அவர். வருத்தம் தெரிவித்தார் விக். அணி அந்தப் பேச்சை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஆணையர் அவரை நிபந்தனைகளோடுதான் திரும்ப அனுமதித்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் இறங்க முடியாது. நன்னடத்தைக் கண்காணிப்பு தொடர்ந்தது. விலங்குவதைக்கு எதிராகப் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் பேசும் வேலையும் இருந்தது. அணிக்குள் டோனவன் மக்நாப், கெவின் கோல்ப் என்று இருவர் அவருக்கு முன்னால் நின்றார்கள். அந்த சீசன் முழுக்க அவர் எறிந்தது 13 பாஸ்கள். அட்லாண்டாவில் 13 கோடி டாலர் ஒப்பந்தம் வைத்திருந்தவர், அங்கே உழைக்காமலே காலம் கழித்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டவர், இங்கே ஓராண்டு முழுக்கக் காத்திருந்தார். அந்த ஓராண்டைத்தான் நான் சான்றாக எடுத்துக்கொள்வேன். செய்தியாளர் சந்திப்பை அல்ல.

அப்படியும் எல்லாம் சீராகப் போகவில்லை. 2010 ஜூனில் வர்ஜீனியா பீச்சில் அவரது பிறந்தநாள் விருந்துக்குப் பிறகு துப்பாக்கிச்சூடு நடந்தது. சுடப்பட்டவர் நாய்ச்சண்டை வழக்கில் அவரோடு தண்டிக்கப்பட்டவர். விக் மீது வழக்கு எதுவும் பதிவாகவில்லை, அணியும் அவரை வைத்துக்கொண்டது. ஆனாலும் ஒரு வீரர் மாறிவிட்டாரா என்று பார்க்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது: பழைய கூட்டம் இன்னும் சுற்றி நிற்கிறதா? இரவு பத்து மணிக்கு அவர் யாரோடு இருக்கிறார்? ஒப்பந்தத்துக்கு முந்தைய விசாரணையில் முன்னாள் பயிற்சியாளர்களை மட்டும் கூப்பிட்டுக் கேட்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள். உபகரண அறை ஊழியரிடமும் காயச் சிகிச்சையாளரிடமும் கேளுங்கள். பெரிய ஆட்கள் எதிரில் இல்லாதபோது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இவர்களுக்குத் தெரியும்.

"எனக்கு அவனை நன்றாகத் தெரியும்"

குவாட்டர்பேக் ரயன் மாலட்டை ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் பில் ஓப்ரையன், நியூ இங்கிலாந்தில் 2011-லேயே அவரோடு பழகியவர். பழக்கம் நம்பிக்கையைத் தரும், கண்ணையும் கொஞ்சம் மறைக்கும். 2015 ஆகஸ்டில் முதன்மை இடம் தனக்கில்லை என்று தெரிந்த கையோடு, தூங்கிவிட்டதாகச் சொல்லிப் பயிற்சிக்கு வரவில்லை மாலட். அக்டோபரில் மயாமி போகும் அணி விமானத்தைத் தவறவிட்டார். அந்த ஆட்டத்தில் ஹூஸ்டன் 44-26 என்று தோற்றது, சில நாளில் மாலட்டை நீக்கியது. ஆகஸ்டிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் அதைச் செய்திருந்தால் அன்றே முடிவெடுத்திருப்பார்கள்.

அதற்காக அவரைத் தொடவே கூடாது என்றும் சொல்ல முடியாது. டிசம்பரில் பால்டிமோர் அவரை எடுத்தது. வந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகாத நிலையில் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 274 கெஜம் எறிந்து 20-17 என்று ஜெயித்துக் கொடுத்தார். பிறகு 2017 வரை அங்கேயே ஜோ ஃப்ளாக்கோவுக்குப் பின்னால் நின்றார். முதன்மை இடத்துக்கான போட்டியே இல்லாத, இன்னதுதான் வேலை என்று தெளிவாக வரையறுக்கப்பட்ட இடம் அது. 2023-இல் அவர் நீரில் மூழ்கி இறந்தபோது வயது 35.

பாதிக்கப்பட்டவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

குவாட்டர்பேக் சாட் கெல்லி கல்லூரியிலேயே ஒழுங்கு நடவடிக்கையால் கிளெம்சன் பல்கலைக்கழக அணியிலிருந்து நீக்கப்பட்டவர். 2017 டிராஃப்டின் கடைசி ஆளாக, 253-வது இடத்தில், டென்வர் எடுத்தது. 2018-இல் பேக்கப் ஆனார். அக்டோபரில் ஒரு ஹாலோவீன் விருந்துக்குப் பிறகு, நள்ளிரவு தாண்டி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து, குழந்தையோடு இருந்த பெண்ணின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். அந்த வீட்டு ஆண் வேக்குவம் கிளீனர் குழாயால் அடித்து விரட்டினார். மறுநாளே டென்வர் அவரை நீக்கியது.

பின்னர் கனடா போய் டொரோன்டோ ஆர்கோநாட்ஸில் சேர்ந்தார். 2022-இல் கனடிய லீகின் கிரே கோப்பை இறுதியில் பேக்கப்பாக உள்ளே வந்து 24-23 வெற்றியில் பங்கெடுத்தார், 2023-இல் லீகின் தலைசிறந்த வீரர் ஆனார். அங்கே நின்று பார்த்தால் 'திறமையை நம்பினோம், பலன் கிடைத்தது' என்று தோன்றும். 2024-இல், அணியில் வேலை பார்த்த ஒரு பெண் உடற்பயிற்சியாளரின் புகாரை விசாரித்த லீக், பாலின வன்முறைத் தடுப்பு விதியை அவர் மீறியதாகக் கண்டு, குறைந்தது ஒன்பது ஆட்டங்களுக்கு அவரை இடைநிறுத்தியது.

பட்டியலில் இருப்பது 53 பேர்தான், ஆனால் அந்தக் கட்டிடத்தில் தினமும் நடமாடுபவர்கள் பல நூறு பேர். அவர்களில் பெண்கள் உண்டு, இளைய ஊழியர்கள் உண்டு. ஒருவரைக் கொண்டுவரும்போது கோப்பை கிடைக்குமா என்று கேட்கிறவர்கள், இவர்கள் இவரோடு பாதுகாப்பாக வேலை செய்ய முடியுமா என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கு ஆமாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், கைவலுவைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

காசும் மூன்றாவது ஆளும்

ஈகிள்ஸ் விக்குக்கு முதலாண்டு 16 லட்சம் டாலர் தந்தது. இரண்டாம் ஆண்டு வேண்டுமா என்பது அணியின் விருப்பம். வைத்துக்கொண்டால் 52 லட்சம். கதவு அணியின் கையில் இருந்தது. கிளீவ்லேண்ட் 2022-இல் டெஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு எழுதிக் கொடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. அவர் மறுத்தார், கிரிமினல் வழக்கு பதிவாகவில்லை. ஆனாலும் லீக் 11 ஆட்டங்கள் தடை விதித்தது. முதலாண்டுச் சம்பளத்தைச் சுமார் பத்து லட்சமாகக் குறைத்து எழுதியிருந்ததால், தடைக்காலத்தில் அவர் இழந்த சம்பளம் மிகக் குறைவு. அவர் முதன்மை ஆட்டக்காரர், பேக்கப் அல்ல. ஆனால் எழுதக்கூடாத ஒப்பந்தத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பேக்கப் ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை சிறிதாக இருக்கட்டும். பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். தடை வந்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்ற விதியையும் சேருங்கள்.

இப்படிப்பட்ட பேக்கப்பை எடுத்த அன்றே மூன்றாவது குவாட்டர்பேக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2007 மார்ச்சில் ஃபால்கன்ஸ் விக்கின் பேக்கப்பான மாட் ஷாபை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. சோதனை நடந்தது அதற்கு அடுத்த மாதம். அந்த சீசனை ஜோயி ஹாரிங்டன், பைரன் லெஃப்ட்விச், கிறிஸ் ரெட்மன் என்று மூவரை மாற்றி மாற்றி இறக்கி ஓட்டினார்கள். 4 வெற்றி, 12 தோல்வி. பயிற்சியாளர் பாபி பெட்ரினோ 13 ஆட்டங்களோடு வேலையை விட்டுப் போய்விட்டார்.